யாருக்கும் தெரியாத பதில்

அத்தியாயம் 14

ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள் வாலு.

"எங்கே பேஷண்ட்?" என்றாள்.

பேஷண்ட் மாடிப்படிக்குக் கீழே இருந்தது. அந்த வீட்டின் ஒரே கம்ப்யூட்டர். வீட்டின் மருமகள் தன் கணவனின் தங்கையான வாலுவுக்கு அழாத குறையாக ஃபோன் போட்டதோடு போன வாரம் நின்றோம். அந்த இதழைப் பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிக்கொண்டு போய்த் திருப்பித் தராதவர்களுக்காக நாலு வரி.

மருமகள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள். கல்யாணத்துக்குப் பிறகு விட்ட வேலை, இப்போது வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றில், தங்க வீட்டோடு திரும்பக் கிடைத்திருக்கிறது. வேலைக்கான உத்தரவை மெயிலில் அனுப்பியிருப்பதாக ஆஸ்பத்திரி அவள் ஃபோனுக்குச் செய்தி அனுப்பியிருந்தது. அந்த மெயிலில் உள்ள லிங்க்கை அழுத்தி, இன்று சாயங்காலம் ஐந்து மணிக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வேலை அடுத்தவருக்கு. ஆஸ்பத்திரிக்கு ஃபோன் போட்டும் பார்த்துவிட்டாள். "மெயில் தானா போறது மேடம், எங்களால ஒண்ணும் பண்ண முடியாது" என்று ஒரு தூக்கக் கலக்கக் குரல் சொல்லிவிட்டது.

மெயில்தான் திறக்க மாட்டேன் என்கிறது.

தனக்கென்று ஒரு முகவரி வைத்துக்கொள்ளாதது அவளுடைய அசட்டுத்தனம் என்று நீங்கள் நினைக்கலாம். பழைய வேலையில் ஒன்று இருந்தது, வேலையோடு போயிற்று. ஃபோனில் இருப்பது கணவனுடையது. "எல்லாருக்கும் சேர்த்து ஒண்ணு இருக்கேம்மா, போதாதா?" என்று மாமனார் கேட்டபோது போதும் என்றுதான் அவளுக்கும் தோன்றியது. அந்த வீட்டில் எதுவுமே எல்லோருக்கும் சேர்த்து ஒன்றுதான். ஒரு பற்பசை, ஒரு டி.வி., ஒரு அபிப்பிராயம்.

இதில் கொடுமை என்னவென்றால், போகாதே என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. "போயேன், யாரு வேணாம்னா?" என்று சொன்ன மாமியார் அன்று சாயங்காலமே அவள் அறைக்குப் புதுத் திரைச்சீலைக்கு அளவெடுத்தாள். "நீ சொன்னா கிளம்பிடலாம்" என்று சொன்ன கணவன் மறுநாள் அதே பேச்சை மறந்துபோனான். எதிர்த்துச் சண்டை போட ஒரு ஆள் கிடைத்திருந்தால் சண்டை போட்டாவது வெளியேறியிருப்பாள். பஞ்சு மூட்டைக்குள் சிக்கிக்கொண்ட மாதிரி இருந்தது அவளுக்கு. மூச்சு முட்டியது. யாரைக் குறை சொல்வதென்றும் தெரியவில்லை.

வாலு குனிந்து படிக்கட்டுக்கு அடியில் நுழைந்தாள். மேற்கூரை சரிந்து இறங்கும் இடம். நிமிர்ந்தால் நெற்றி புடைக்கும். மருமகள் மாமா என்று கூப்பிடும் மாமனார் நாற்காலியிலிருந்து எழுந்து இடம் விட்டார். நில அளவை ஆபீஸில் வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவர் அவர். எந்த இடத்தில் எவ்வளவு குனிய வேண்டும் என்பது அவர் முதுகுக்கு மனப்பாடம்.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணியாச்சு," என்றார் முந்திக்கொண்டு.

கம்பெனி ஒன்றின் உதவிப் பிரிவில் நாள் முழுக்க அதையே ஃபோனில் சொல்லிச் சம்பளம் வாங்குபவள் வாலு. அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"கேபிள்?"

"கழட்டி மாட்டியாச்சு."

"வைரஸ் சாஃப்ட்வேரை நிறுத்திப் பார்த்தீங்களா?"

"பார்த்தாச்சு. அப்பவும் சர்வர் கிடைக்கலைங்குது."

வாலு எதையெதையோ திறந்து மூடினாள். பிறகு நாற்காலியைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அப்பா, உங்க சாஃப்ட்வேருக்கு வியாதி ஒண்ணும் இல்ல, வயசாயிடுச்சு. மெயில் கம்பெனிக்காரன் பழைய வாசலை அடைச்சுட்டு வேற பக்கம் வாசல் வெச்சுட்டான். இது இன்னும் பழைய வாசல்ல போய்த் தட்டிக்கிட்டு நிக்குது."

"இப்ப என்ன பண்ணணும்?" மருமகளின் கண் சுவர்க் கடிகாரத்தில் இருந்தது. மூன்று தாண்டிவிட்டது.

"மூணுல ஒண்ணு எடுத்துக்கலாம் அண்ணி. இதே சாஃப்ட்வேரோட புதுசு வாங்கலாம். இல்ல, இலவசமாவே ஒண்ணு இருக்கு, அப்பாவோட பழைய மெயிலெல்லாம் அப்படியே அதுக்குள்ள கொண்டுவந்துடலாம். அதுவும் வேணாம்னா, எதையும் போடாம பிரவுசர்லயே பார்த்துக்கலாம். எந்த ஊர்ல உக்காந்தாலும் பார்க்கலாம்."

"எந்த ஊர்ல உக்காந்தாலுமா?" என்றார் மாமா.

"ஆமாம்ப்பா."

"அப்போ இந்த ரூம்?"

"இந்த ரூமே வேணாம்."

மேலே படிக்கட்டில் தடதடவென்று சத்தம் கேட்டது. அத்தை, அதாவது மாமியார், இறங்கி வந்து குனியாமல், வெளியிலிருந்தே எட்டிப் பார்த்தாள். அந்த அறைக்குள் அவள் வந்ததே கிடையாது.

"இலவசமா இருக்கறதையே போடு. பழசெல்லாம் இங்கேயே பத்திரமா இருக்கட்டும்," என்று தீர்ப்புச் சொன்னாள். வீட்டு விஷயத்தில் அத்தையின் சொல்தான் கடைசிச் சொல். அது அவளுடைய அப்பா கட்டிய வீடு. அதை அவளும் மறந்ததில்லை, மறக்க மற்றவர்களையும் விட்டதில்லை.

வாலு அவசரத்துக்குப் பிரவுசரைத் திறந்தாள். "எதுல போனாலும் உள்ள விடறதுக்கு ஒரே பாஸ்வேர்டுதான். சொல்லுங்கப்பா."

மாமா விழித்தார். பழைய சாஃப்ட்வேருக்கு என்றைக்கோ ஒருநாள் சொன்னது. அது ஞாபகம் வைத்துக்கொண்டுவிட்டது, அவர் மறந்துவிட்டார். உள்ளே போய்ப் பார்த்தால் வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள்தான் தெரிந்தன.

"சரி, மறந்துட்டேன்னு போடுவோம்," என்று வாலு அழுத்தினாள். "ஃபோனுக்கு நம்பர் அனுப்பியிருக்கானாம். யார் ஃபோன் இது?"

மாமா கைவிட்ட பழைய எண் அது. இப்போது யாரிடமோ இருக்கிறது. மருமகள் அந்த எண்ணுக்கே ஃபோன் போட்டாள். ஒரு லாரி ஓட்டுநர் எடுத்தார்.

"அண்ணே, உங்க ஃபோனுக்கு இப்ப ஒரு நம்பர் வந்திருக்கும். அதைக் கொஞ்சம் சொல்லுங்களேன்."

"வந்துச்சும்மா. அதை யார் கேட்டாலும் சொல்லக் கூடாதுன்னு பேங்க்ல சொல்லியிருக்காங்க."

"நான் ஏமாத்தறவ இல்லண்ணே."

"ஏமாத்தறவங்களும் அதையேதாம்மா சொல்றாங்க." லைன் கட்டாகிவிட்டது. மறுபடி அடித்தாள், அவர் எடுக்கவில்லை. மனுஷர் பேரில் கோபப்படவும் வழியில்லை. நியாயஸ்தர்.

"இன்னொரு வழி இருக்கு," என்றாள் வாலு. "ரகசியக் கேள்வி. அப்பா, கணக்கு ஆரம்பிச்சப்ப நீங்களே ஒரு கேள்வி எழுதி, பதிலும் எழுதியிருக்கீங்க. அதைச் சரியா சொன்னா விட்டுடுவான்."

மாமாவின் கை சட்டென்று மவுஸின் மேல் வந்து விழுந்தது.

"அது வேணாம்."

"ஏன்?"

"வேணாம்னா விடேன். புதுசா ஒண்ணு ஆரம்பிச்சுக்கலாம்."

"புதுசுக்கு அண்ணியோட மெயில் எப்படிப்பா வரும்?"

மருமகள் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாசல் பக்கம் போய்க் கணவனுக்கு ஃபோன் போட்டாள். அவன் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். அவனோடு பேசுவதென்றால் இன்னொருவரின் ஸ்டியரிங்கையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

"ஏங்க, மாமாதான் திறக்க விடமாட்டேங்கறாரு."

"அப்பாவா? சும்மா இரு. அவர் எதையும் தடுக்கற ஆளே இல்ல. கிளட்ச்சை மெதுவா விடுங்க."

"நான் போறது அவருக்குப் பிடிக்கலையோ என்னவோ."

"பிடிக்காததை அவர் என்னிக்குச் சொல்லியிருக்காரு... பிரேக்! சார், பிரேக்கு!"

அதற்குமேல் ஹாரன் சத்தம்தான் கேட்டது. அவள் ஃபோனை வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். அதற்குள் வாலு அப்பாவின் கையை விலக்கிவிட்டு அழுத்தியிருந்தாள். திரையில் கேள்வி வந்திருந்தது. தமிழை ஆங்கில எழுத்தில் அடித்த காலத்துக் கேள்வி. வாலு எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"இந்த... வீட்டில்... யாருக்கு... இந்த வீடு... பிடிக்காது?"

எல்லோருடைய கண்ணும் ஒரு கணம் மருமகள் மேல் வந்து விழுந்தது. அவளுக்குக் காது மடல் சுட்டது.

"நான் அப்போ இந்த வீட்டுக்கே வரலை," என்றாள் மெதுவாக.

"அதானே! அண்ணி ஏது அப்போ," என்று வாலு சமாளித்தாள். "இது நான்தான். ஹாஸ்டல்ல சேர்த்துவிடுங்கன்னு தரையில புரண்டு அழுதேனே! என்னையேதான் எழுதியிருக்காரு." அவள் தன் செல்லப் பெயரை அடித்தாள்.

தவறு. இன்னும் இரண்டு வாய்ப்பு. அதுவும் தவறினால் நாளை வரை பூட்டிவிடுவோம் என்று சிவப்பில் வந்தது.

"நல்லா இருக்குடி கேள்வி," என்றாள் அத்தை, வெளியே நின்றபடியே. "எங்கப்பா பார்த்துப் பார்த்துக் கட்டின வீடு. இது யாருக்குப் பிடிக்காமப் போகும்? யாருக்கும் இல்லைன்னு போடு. உங்கப்பா அதைத்தான் எழுதியிருப்பாரு. குறும்புக்கு எழுதியிருப்பாரு."

"என்னப்பா, அதானா?"

மாமா தலையை ஆட்டினார். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். வாலு அடித்தாள். தவறு. இன்னும் ஒன்றே ஒன்று.

"பதிலே மறந்துபோச்சு," என்றார் மாமா சுவரைப் பார்த்து.

அப்போது வாலுவுக்கு ஆபீஸிலிருந்து அழைப்பு வந்தது. "ஆஃப் பண்ணி ஆன் பண்ணீங்களா சார்?" என்று கேட்டுக்கொண்டே சிக்னலைத் தேடி மொட்டை மாடிக்கு ஓடினாள். அத்தை டீ போடப் போனாள். படிக்கட்டுக்கு அடியில் மாமனாரும் மருமகளும்தான் மிச்சம். நாலே கால் ஆகிவிட்டிருந்தது.

இத்தனை நாளாக அடக்கி வைத்திருந்ததை அவள் கொட்டிவிட்டாள்.

"மாமா, நான் போறது பிடிக்கலைன்னா வாயைத் திறந்து சொல்லிடுங்க. நீங்களாவது சொல்லுங்க. இந்த வீட்டுல யாருமே எதுவுமே சொல்ல மாட்டேங்கறீங்க. எனக்குப் பைத்தியம் பிடிச்சுடும் போல இருக்கு."

குரல் உடைந்துவிட்டது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மாமா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், போட்டுக்கொள்ளாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"யாருக்கும் தெரியாத பதிலா இருக்கணும்னு அதுல போட்டிருந்துச்சும்மா," என்றார். "எனக்குத் தெரிஞ்சு யாருக்கும் தெரியாதது அது ஒண்ணுதான்."

அவள் திரும்பினாள்.

"உங்க அத்தையோட அப்பா இருந்த வரைக்கும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்ல. மரியாதையாத்தான் கூப்பிடுவாரு. மாப்பிள்ளை, அந்த லைட்டை அணைங்க. மாப்பிள்ளை, அந்த ஜன்னல் வேணாம், சாத்திடுங்க. அவரைப் பார்த்து வீட்டுல எல்லாரும் மாப்பிள்ளைன்னுதான் கூப்பிடுவாங்க. வேலைக்காரங்ககூட." அவர் சரிந்த கூரையைத் தொட்டார். "வரைபடம் போட இடம் வேணும்னு கேட்டேன். மாப்பிள்ளைக்கு இது போதுமேன்னு இதைக் குடுத்தாரு. குறை சொல்ல முடியாது. நாற்காலி எல்லாம் வாங்கிப் போட்டாரு."

வீட்டோடு மாப்பிள்ளை. அந்த வார்த்தையை அத்தை பெருமையாகச் சொல்லி மருமகள் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். அதற்குள் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பது மட்டும் அவளுக்குத் தெரியாமல் போய்விட்டது. ஊரெல்லாம் நிலத்தை அளந்து எல்லை போட்டவர் இத்தனை வருஷம் படிக்கட்டுக்கு அடியில் குனிந்துகொண்டிருந்திருக்கிறார். இவரைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

"அப்போ பதில், மாப்பிள்ளையா மாமா?"

"ஆமாம்மா. ஆனா எப்படி அடிச்சேன்னு சத்தியமா ஞாபகம் இல்ல. ஒரு 'எல்' போட்டேனா, ரெண்டு 'எல்' போட்டேனா? ஒரே ஒரு தடவைதான் மிச்சம் இருக்கு. உன் வேலை போயிடுமேம்மா."

மருமகள் ஃபோனைத் திறந்தாள். மாமா இன்றுவரை தமிழை ஆங்கில எழுத்தில்தான் அடிப்பார். கடைத்தெருவிலிருந்து அவர் அனுப்பும் செய்திகளை வீட்டுக்கே படித்துச் சொல்வது அவள்தான். சாப்பிட்டாயா, மழை வருமா, வெள்ளரி வாங்கவா, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சளி குறைந்ததா. விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

"நெடிலுக்கு எப்பவும் ரெண்டு 'ஏ' போடறீங்க," என்றாள். "ஆனா மெய்யெழுத்து எதையும் இரட்டிக்கறதே இல்ல. பாருங்க, வெள்ளரிக்கு ஒரு 'எல்'தான். பிள்ளைக்கும் ஒண்ணுதான்."

"ஆபீஸ்ல வரைபடத்துல பேர் எழுதறப்ப இடம் பத்தாது. அந்தப் பழக்கம்," என்றார் மாமா வெட்கத்தோடு.

அவள் அடித்தாள். எம். இரண்டு ஏ. ஒரு பி. ஐ. ஒரு எல். ஏ. ஐ. கடைசி விசையைத் தட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அம்மா," என்றார் மாமா. "திறந்துடுச்சும்மா!"

புதுப் பாஸ்வேர்டை அவளையே வைக்கச் சொன்னார். காத்துக் கிடந்த மெயில்கள் சரசரவென்று வந்து விழுந்தன. குடை விளம்பரம், கேஸ் ரசீது, அவற்றுக்கு நடுவில் ஆஸ்பத்திரியின் மெயில். அவள் லிங்க்கை அழுத்தினாள். பெயர், பதவி எல்லாம் அவர்களே போட்டிருந்தார்கள். கடைசியில் ஒரே ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது. குவார்ட்டர்ஸில் தங்கப்போகிறவர்கள் எத்தனை பேர்?

இரண்டு என்று போட்டாள்.

பக்கத்தில் மாமா கனைத்துக்கொண்டார்.

"அங்கே வீடு எப்படிம்மா இருக்குமாம்?"

"சின்னதுதான் மாமா. ரெண்டு ரூம், ஒரு வராந்தா."

"மேலே படிக்கட்டு ஏதும் வருதா?"

"இல்ல. தனி வீடு."

அவர் திரையில் அந்தக் கட்டத்தைக் காட்டினார். "அந்த ரெண்டை மூணாக்க முடியுமான்னு கேக்கலாம்னு பார்த்தேன். தப்பா இருந்தா விட்டுடும்மா."

அவள் அவரைப் பார்த்தாள். இரண்டை அழித்தாள். மூன்றைத் தொடப் போன விரல் அப்படியே நின்றது. பின்னால் டம்ளர் சத்தம் கேட்டது. அத்தை டீயோடு நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் ஃபோனைப் பையில் போட்டபடி வாலு மாடியிலிருந்து இறங்கி வந்தாள்.

"அட, திறந்துடுச்சா! எப்படி அண்ணி?"

"மாமாவுக்குப் பதில் ஞாபகம் வந்துடுச்சு," என்றாள் மருமகள்.

"பார்த்தியா, நான் சொல்லலை?" அத்தை சிரித்தாள். "என்னங்க, என்னதான் எழுதி வெச்சிருந்தீங்க?"

மருமகள் வாயைத் திறப்பதற்குள் மாமா பேசிவிட்டார். அவர் குரல் அவ்வளவு தெளிவாக வந்து அவள் கேட்டதே இல்லை.

"மாப்பிள்ளைன்னு எழுதியிருந்தேன்."

"எந்த மாப்பிள்ளை?" அத்தையின் புருவம் சுருங்கியது. "நம்ம வாலுவோட வீட்டுக்காரரா? அவருக்கு இந்த வீடு பிடிக்கலையாமா? அவருக்கு நாம என்ன குறை வெச்சோம்?"

"அம்மா, அந்தக் கணக்கு ஆரம்பிச்சப்ப நான் ஸ்கூல் படிச்சுக்கிட்டிருந்தேன்," என்றாள் வாலு. "எனக்கேது அப்போ வீட்டுக்காரர்?"

"பின்னே வேற எந்த மாப்பிள்ளை இருக்கார் இந்த வீட்டுல?"

வாலு அப்பாவைப் பார்த்தாள், சரிந்து இறங்கும் கூரையைப் பார்த்தாள். அவள் முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போனது.

"அம்மா," என்றாள் மெதுவாக, "தாத்தா அப்பாவை என்னன்னு கூப்பிடுவாரு?"

அத்தையின் கையிலிருந்த தட்டில் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. திரையில் அந்தக் கட்டம் இன்னும் காலியாகவே இருந்தது.